திரையிசைத் தட்டுகளின் கதை – 9: முன்பக்கம் பீட்டில்ஸ், பின்பக்கம் ஜார்ஜ் மார்ட்டின்

சென்ற இதழில் 'தி கிராஜுவேட்' படத்தின் இசைத்தட்டைப் பார்த்தோம். சைமனும் கார்ஃபங்கலும் பாடிய பாட்டுகளையும், டேவ் குருசின் அமைத்த வாத்திய இசையையும் மாற்றி மாற்றி அடுக்கி, 1968 ஜனவரியில் கொலம்பியா நிறுவனம் அதை எல்.பி.யாகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் அது முதலிடத்தைப் பிடித்தது.

சரியாக ஒரு வருஷம் கழித்து, 1969 ஜனவரியில் வந்த இன்னொரு தட்டிலும் இதே இரண்டு சரக்குகள்தான்: பாப் பாட்டு, வாத்தியக் குழுவின் பின்னணி இசை. ஆனால் இந்தத் தட்டு இரண்டையும் கலக்கவில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி நடுவே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டது. முதல் பக்கத்தில் பீட்டில்ஸின் ஆறு பாட்டுகள். தட்டைத் திருப்பிப் போட்டால் பீட்டில்ஸ் ஒருவர்கூட இல்லை. ஜார்ஜ் மார்ட்டின் அமைத்து நடத்திய ஏழு வாத்திய உருப்படிகள் மட்டுமே. தட்டின் பெயர் 'யெல்லோ சப்மரீன்'.

கடையில் காசு கொடுத்து வாங்கியவர்களில் பலர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பாதித் தட்டுக்கு முழு விலையா என்று முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாகப்பிரிவினையைச் செய்தது எந்த இசைக்கலைஞரும் அல்ல. ஐந்து வருஷத்துக்கு முன் கையெழுத்தான ஒரு சினிமா ஒப்பந்தம்தான் இதன் வேர். எனவே கதையை 1963-லிருந்து தொடங்க வேண்டும்.

தட்டுக்காக எடுத்த படம்

1963-ஆம் வருஷக் கடைசியில் இங்கிலாந்து முழுக்க பீட்டில்ஸ் பைத்தியம். அமெரிக்காவில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அவர்களுடைய இங்கிலாந்து கம்பெனியான இ.எம்.ஐ.க்கு அமெரிக்காவில் சொந்தக் கிளை இருந்தது. அதுதான் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ். அந்தக் கேப்பிட்டலே பீட்டில்ஸ் பாட்டுகளை வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

அப்போது யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் படக் கம்பெனியின் லண்டன் அலுவலகம் ஒரு விஷயத்தை மோப்பம் பிடித்தது. பீட்டில்ஸுக்கும் இ.எம்.ஐ.க்கும் இடையே இருந்த ஒப்பந்தத்தில் சினிமாவின் சவுண்ட்ட்ராக் தட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்படியானால் இந்த நாலு பையன்களை வைத்துக் குறைந்த செலவில் ஒரு படம் எடுத்துவிட்டால், அதன் பாட்டுத் தட்டை அமெரிக்காவில் தாங்களே வெளியிடலாம். யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்குச் சொந்தமாக ரெக்கார்டு கம்பெனியும் இருந்தது. படம் ஓடாவிட்டாலும் கவலையில்லை, தட்டு விற்றால் போதும் என்பது அவர்கள் கணக்கு. வழக்கமாகப் படத்தை விளம்பரப்படுத்தத் தட்டு போடுவார்கள். இங்கே தட்டுக்காகப் படம்.

பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர்கள் மூவர். படக் கம்பெனியின் ஐரோப்பியத் தயாரிப்புப் பொறுப்பாளர் பட் ஆர்ன்ஸ்டைன், தயாரிப்பாளர் வால்டர் ஷென்சன், பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன். வசூலில் 25 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார்கள். உங்கள் பையன்களுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எப்ஸ்டைனைக் கேட்டார்கள். லிவர்பூலில் அப்பாவின் கடையில் ரெக்கார்டுப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். சினிமா வியாபாரம் பழக்கமில்லை. ஏழரை சதவீதத்துக்கு ஒரு பைசா குறைந்தாலும் சம்மதிக்க முடியாது என்று கறாராகச் சொன்னார். எதிரே இருந்தவர்கள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒப்புக்கொண்டார்கள். மூன்று படங்களுக்கு ஒப்பந்தம். இந்த 'மூன்று' என்ற எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் 'எ ஹார்டு டேஸ் நைட்'. ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கம், கறுப்பு வெள்ளை, செலவு இரண்டு லட்சம் பவுண்டுக்கும் குறைவு. 1964 ஜூலை 6 அன்று லண்டன் பெவிலியன் தியேட்டரில் முதல் காட்சி. பின்னணி இசைப் பொறுப்பு பீட்டில்ஸின் ரெக்கார்டுத் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டினிடம் வந்தது.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. வெளியிட்ட தட்டில் 13 பாட்டுகள். அத்தனையும் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. பின்னணி இசை ஒரு துளியும் இல்லை. அமெரிக்காவில் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்ட தட்டின் கதை வேறு. பீட்டில்ஸ் பாடியவை எட்டு. மிச்ச இடத்தை நிரப்ப, அதே பாட்டுகளின் மெட்டுகளை வாத்தியக் குழுவுக்கு மாற்றி மார்ட்டின் அமைத்த நாலு உருப்படிகள். அவற்றில் ஒன்று, படத்தில் ரிங்கோ தனியாக ஆற்றங்கரையில் திரியும் காட்சிக்கான இசை. 'திஸ் பாய்' பாட்டின் மெட்டைக் கிதாரில் நிதானமாக இழுத்து வாசித்தவர் விக் ஃபிளிக். ஜேம்ஸ் பாண்ட் படத்தின் புகழ்பெற்ற கிதார் இசையை வாசித்த அதே கை.

அந்தத் தட்டு அமெரிக்காவில் 14 வாரங்கள் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. பாட்டுகளை வெளியிடும் உரிமை கேப்பிட்டலுக்கும் இருந்தது. 'படத்தின் தட்டு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமைதான் இல்லை. அவசரமாக அது போட்ட 'சம்திங் நியூ' எல்.பி. இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மார்ட்டினின் இசையமைப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. பரிசு 'மை ஃபேர் லேடி'க்குப் போனது.

கேப்பிட்டல் கற்ற பாடம்

இரண்டாவது படமான 'ஹெல்ப்!' 1965-ல் வந்தபோது சவுண்ட்ட்ராக் உரிமை கேப்பிட்டலின் கையில் இருந்தது. ஆனால் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் காட்டிய வழியையே அதுவும் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்து ரசிகனுக்கு 14 பாட்டுகள் அடங்கிய தட்டு. அமெரிக்க ரசிகனுக்குப் படத்தில் வரும் ஏழு பாட்டுகளும், இடையிடையே வாத்திய இசையும்.

இந்த முறை அந்த இசை மார்ட்டினுடையது அல்ல. முதல் படத்தில் அவருக்கும் லெஸ்டருக்கும் ஒத்துப்போகவில்லை. லெஸ்டர் கென் தார்ன் என்ற இசையமைப்பாளரை அழைத்துக்கொண்டார். படத்தின் கதையில் கிழக்கத்திய பூசாரிக் கூட்டம் ஒன்று ரிங்கோவின் மோதிரத்துக்காக அலைகிறது. எனவே தார்னின் இசையில் சிதார் புகுந்தது. இந்திய உணவகக் காட்சிக்காக டுவிக்கன்ஹாம் ஸ்டுடியோவுக்கு வந்திருந்த சிதாரை ஓய்வு நேரத்தில் எடுத்துத் தட்டிப் பார்த்தவர் ஜார்ஜ் ஹாரிசன். அதே வருஷம் அக்டோபரில் 'நார்வேஜியன் வுட்' பாட்டில் சிதார் வாசித்தார். பிறகு ரவிசங்கரிடம் பாடம் கேட்டார். பீட்டில்ஸின் இந்தியப் பயணத்துக்குப் பின்னணி இசைக்காக வந்த ஒரு வாத்தியம் பிள்ளையார் சுழி போட்டது.

ஆக, 1965-க்குள் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. பாட்டு குறைவாக இருந்தால் பின்னணி இசையை வைத்துத் தட்டை நிரப்புவது. நம் ஊர் சினிமா வேலைமுறையில் பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவரே ரீ-ரெக்கார்டிங்கையும் செய்வார். இரண்டும் ஒரே கையெழுத்தில் இருக்கும். பீட்டில்ஸ் படங்களில் பாட்டு ஒருவர் கை, பின்னணி இன்னொருவர் கை. தட்டில் அவை பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தான் இருக்க முடிந்தது.

வேண்டாத மூன்றாவது படம்

யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு இன்னும் ஒரு படம் பாக்கி. 1966 ஆகஸ்டோடு மேடைக் கச்சேரிகளையே நிறுத்திவிட்ட பீட்டில்ஸுக்குச் சினிமாவில் நடிக்கும் ஆசையும் வற்றிப்போயிருந்தது. வந்த திரைக்கதைகள் எதுவும் பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஆல் பிராடாக்ஸ் ஒரு யோசனையோடு வந்தார்: கார்ட்டூன் படம். நீங்கள் நடிக்க வேண்டாம், குரல்கூடக் கொடுக்க வேண்டாம்; புதுசாக நாலு பாட்டு கொடுத்தால் போதும்.

பிராடாக்ஸ் ஏற்கெனவே பீட்டில்ஸை வைத்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு ஒரு கார்ட்டூன் தொடர் செய்திருந்தார். பீட்டில்ஸுக்கு அது அறவே பிடிக்கவில்லை. ஆனாலும் எப்ஸ்டைன் சம்மதித்தார். ஒப்பந்த பாக்கி இதோடு தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டார்கள். 1967 ஆகஸ்ட் 27 அன்று எப்ஸ்டைன் இறந்துபோனார். படத்தை அவர் பார்க்கவில்லை.

படம் உருவானது லண்டனில், டி.வி.சி. என்ற அனிமேஷன் ஸ்டுடியோவில். இயக்குநர் ஜார்ஜ் டன்னிங். உருவங்களை வடிவமைத்தவர் ஜெர்மானிய ஓவியர் ஹைன்ஸ் எடெல்மன். நீல மீனிகள், பறக்கும் கையுறை, பூவும் புள்ளியுமாக வழியும் நிறங்கள் எல்லாம் அவர் கற்பனை. இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் சுமார் பதினோரு மாதம் வரைந்தார்கள். கடலுக்கு அடியில் பெப்பர்லேண்டு என்றொரு சந்தோஷ நாடு. இசை என்றாலே காது கசக்கும் நீல மீனிகள் அதன்மேல் படையெடுத்து மக்களைச் சிலையாக்குகிறார்கள். தப்பி வந்த கிழ மாலுமி பீட்டில்ஸை மஞ்சள் நீர்மூழ்கியில் ஏற்றிக்கொண்டு போகிறார். வழியில் காலக் கடல், அரக்கர் கடல், ஓட்டைக் கடல் என்று விதவிதமான கடல்கள். கடைசியில் பாட்டாலேயே மீனிகளை வெல்கிறார்கள். பீட்டில்ஸின் குரல்களைப் பேசியவர்கள் வேறு நடிகர்கள். படத்தின் முடிவில் மட்டும் நால்வரும் நேரில் தோன்றி ஒரு நிமிஷம் கிண்டலடித்துவிட்டுப் போவார்கள்.

ஒதுக்கி வைத்த நாலு பாட்டு

நாலு புதுப் பாட்டு வேண்டும் என்பது நிபந்தனை. பிடிக்காத கார்ட்டூனுக்கு நல்ல பாட்டைத் தூக்கிக் கொடுக்க யாருக்கும் மனசில்லை. எனவே மிச்சம் மீதிகளைத் தேடினார்கள்.

முதலாவது, ஜார்ஜ் ஹாரிசனின் 'ஒன்லி எ நார்தர்ன் சாங்'. 1967 பிப்ரவரியில் 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டுக்காகப் பதிவாகி அங்கே இடம் கிடைக்காமல் போனது. பீட்டில்ஸ் பாட்டுகளின் பதிப்புரிமையை வைத்திருந்த கம்பெனியின் பெயர் நார்தர்ன் சாங்ஸ். லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் அதில் கணிசமான பங்கு. ஹாரிசனுக்குக் கிள்ளிக் கொடுத்த அளவு. தான் எழுதும் பாட்டில் அடுத்தவன் சம்பாதிக்கிறான் என்ற எரிச்சலையே அவர் பாட்டாக்கிவிட்டார். இதன் பதிவு நாலு தடங்கள் கொண்ட இரண்டு நாடா இயந்திரங்களில் சிதறிக் கிடந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு மோனோவில் ஒருவழியாகக் கலந்தார்கள். ஸ்டீரியோவுக்காக அதை இன்னொரு முறை செய்யவில்லை. ஸ்டீரியோ எல்.பி.யில் இந்தப் பாட்டு மட்டும் மோனோவை மின்னணு வித்தையால் இரண்டாக விரித்த போலி ஸ்டீரியோவாக இருந்தது அதனால்தான்.

இரண்டாவது 'ஆல் டுகெதர் நவ்'. குழந்தைகள் கைதட்டிப் பாடும் ரகம். 1967 மே 12 அன்று ஒரே அமர்வில் முடித்தார்கள். அன்று மார்ட்டின் வரவில்லை. மூன்றாவது, அதே மாதக் கடைசியில் டி லேன் லீ ஸ்டுடியோவில் பதிவான ஹாரிசனின் 'இட்ஸ் ஆல் டூ மச்'. கிதார் சத்தம் சுழன்று சுழன்று வந்து, நடுவே டிரம்பெட்டுகள் ஜெரமையா கிளார்க்கின் பழைய அணிவகுப்பு மெட்டைத் தூவிவிட்டுப் போகும். தட்டில் ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும்.

நாலாவதுதான் நாலிலும் சிறந்தது. 1968 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. 'லேடி மெடோனா' பாட்டுக்கு ஒரு விளம்பரப் படம் எடுக்க வேண்டும். ஸ்டுடியோவில் வாசிப்பது போல் நடித்தால் போதும். சும்மா நடிப்பதற்குப் பதில் ஒரு பாட்டைப் பதிவே செய்துவிடலாமே என்று மெக்கார்ட்னிக்குத் தோன்றியது. லெனனிடம் அரைகுறையாக ஒன்று இருந்தது. கேமரா ஒரு பக்கம் ஓட, இன்னொரு பக்கம் அந்தப் பாட்டு வளர்ந்தது. வரிகளில் முதலில் இருந்தது தவளை. மெக்கார்ட்னி விளையாட்டாக நாய் மாதிரி குரைக்கப்போய், தவளை புல்டாக் ஆகிவிட்டது. 'ஹே புல்டாக்' ஒரே நாளில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் நால்வரும் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். லண்டனில் ஓவியர்கள் அவர்களை வரைந்துகொண்டிருக்க, அவர்கள் கங்கைக் கரையில் தியானம் செய்துகொண்டிருந்தார்கள்.

படத்தில் வேறு பாட்டுகளும் நிறையவே உண்டு. 'எலினார் ரிக்பி', 'நோவேர் மேன்', 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' எல்லாம் வரும். ஆனால் அவை ஏற்கெனவே வேறு தட்டுகளில் விற்றுக்கொண்டிருந்தவை. எனவே தட்டுக்குத் தேறியவை நாலு புதுப் பாட்டுகள். முகப்புக்கு 1966-ல் வந்த 'யெல்லோ சப்மரீன்', முடிவுக்கு 1967-ல் வந்த 'ஆல் யூ நீட் இஸ் லவ்'. ஆறு பாட்டு, ஒரு பக்கம். மறுபக்கம் காலி.

மார்ட்டினின் பக்கம்

ஜார்ஜ் மார்ட்டினைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கில்டுஹால் இசைப் பள்ளியில் பியானோவும் ஓபோவும் படித்தவர். 1950-ல் இ.எம்.ஐ.யில் சேர்ந்து, 1955-ல் அதன் பார்லோஃபோன் பிரிவுக்குத் தலைவரானார். 1962-ல் பீட்டில்ஸைச் சேர்த்துக்கொண்டார். 1963-ல் அவர் தயாரித்த தட்டுகள் இங்கிலாந்துப் பட்டியலில் 37 வாரங்கள் முதலிடத்தில் இருந்தன. அவருக்குக் கிடைத்தது மாதச் சம்பளம் மட்டும். ராயல்டி கேட்டார், கிடைக்கவில்லை. 1965-ல் வேலையை விட்டுவிட்டு ஏர் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 'எஸ்டர்டே'க்குத் தந்தி வாத்தியம் சேர்த்தவரும், 'எலினார் ரிக்பி'க்கு எட்டுத் தந்தி வாத்தியங்களைக் கத்தி மாதிரி வெட்ட வைத்தவரும் அவர்தான். உறையில் அவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

இப்போது ஒரு முழுப் பக்கம் அவருக்குத் திறந்தது. கார்ட்டூன் படத்துக்கு இசை எழுதுவது கஷ்டமான வேலை. நடிகர் நடக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒரு ஸ்வரத்தைக் கூட்டலாம் குறைக்கலாம் என்ற சலுகை இல்லை. ஓவியம் இத்தனை ஃபிரேம் என்றால் இசையும் அத்தனை ஃபிரேம். படம் முழுசாகவும் முடிந்திருக்கவில்லை. துண்டு துண்டாக வந்த ரீல்களுக்கு அவர் எழுதினார்.

அரக்கர் கடலில் ஒரு காட்சி. தும்பிக்கை மாதிரி குழாய் மூக்குடன் ஓர் உருவம் எதிரே தெரிவதையெல்லாம் உறிஞ்சித் தள்ளுகிறது. மற்ற அரக்கர்களை, கடலை, நீர்மூழ்கியை, கடைசியில் தன்னையே. உள்ளே இழுக்கும் அந்தச் சத்தத்துக்கு மார்ட்டின் கண்ட வழி எளிமையானது. வாத்தியக் குழுவை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். நாடாவைத் திருப்பிப் போட்டு ஓட்டினார். அடித்துத் தேய வேண்டிய ஒலி, தேய்ந்த இடத்திலிருந்து ஊதிப் பெருத்து முடிவில் சட்டென்று அறுபடும். உறிஞ்சுவது போலவே இருக்கும். பாட்டுகளில் பீட்டில்ஸோடு சேர்ந்து செய்த நாடா விளையாட்டை முழு வாத்தியக் குழுவின் மேல் போட்டுப் பார்த்தார்.

இதே கடலில் இன்னொரு குறும்பு. ஓர் அரக்கனின் சுருட்டு பற்றும் நேரத்தில் பாக்கின் சாவகாசமான மெட்டு ஒன்று எட்டிப் பார்க்கும். அன்றைய இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒரு சுருட்டு விளம்பரத்துக்கு அந்த மெட்டுதான் அடையாளம். தியேட்டரில் சிரிப்பு வர வேறென்ன வேண்டும்? காலக் கடலுக்கான உருப்படி இந்தியச் சாயலோடு தொடங்கி, மெல்ல ஐரோப்பிய வால்ட்ஸ் தாளத்துக்கு நழுவும். ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' பாட்டுக்காக லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்களையும் ஆங்கிலேய வயலின்காரர்களையும் ஒரே கூரையின்கீழ் வாசிக்க வைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. மீனிகளின் அணிவகுப்பில் தந்தி வாத்தியங்கள் வெட்டி வெட்டிப் பாயும். 'எலினார் ரிக்பி'யில் கேட்ட அதே கூர்மை. பெப்பர்லேண்டின் மெட்டோ அகலமானது, வெயில் படும் புல்வெளி மாதிரியானது.

படம் 1968 ஜூலை 17 அன்று லண்டன் பெவிலியனில் திரையிடப்பட்டது. பீட்டில்ஸுக்கே பிடித்துப்போனது. இன்னும் நல்ல பாட்டுகளைக் கொடுத்திருக்கலாமோ என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. தட்டுக்காக மார்ட்டின் தன் இசையை மறுபடி பதிவு செய்தார்: 1968 அக்டோபர் 22, 23 தேதிகளில், 41 கலைஞர்களோடு. படத்துக்குப் பதிவானதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தட்டில் தனியாக நின்று கேட்கப்படும் இசை என்று நினைத்தே வேலை செய்தார்.

தன்னையே விட்டுக்கொடுத்த உறை

தட்டு உடனே வரவில்லை. பீட்டில்ஸ் அந்தச் சமயம் இரட்டைத் தட்டில் மூழ்கியிருந்தார்கள். 30 பாட்டுகளோடு, வெறும் வெள்ளை உறையில், 1968 நவம்பர் 22 அன்று அது வந்தது. 'யெல்லோ சப்மரீன்' அமெரிக்காவில் 1969 ஜனவரி 13, இங்கிலாந்தில் ஜனவரி 17. படம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

இங்கிலாந்து உறையின் பின்புறத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உறைக்குறிப்பு எழுதும் பொறுப்பு பீட்டில்ஸின் பத்திரிகைத் தொடர்பாளர் டெரெக் டெய்லருக்கு. இந்தத் தட்டைப் பற்றிப் புதுசாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டு, வெள்ளைத் தட்டைப் பற்றி 'அப்சர்வர்' பத்திரிகையில் டோனி பாமர் எழுதிய விமர்சனத்தை எடுத்து அச்சிட்டார். ஒரு தட்டின் உறையில் அதே குழுவின் இன்னொரு தட்டுக்குப் புகழுரை! கையில் இருக்கும் சரக்கின்மேல் விற்பவருக்கே எவ்வளவு நம்பிக்கை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியும் அது இங்கிலாந்தில் மூன்றாம் இடம், அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. குறை சொன்னவர்களும் இருந்தார்கள். அந்தக் குறை கம்பெனியின் காதிலும் விழுந்தது போலும். நாலு புதுப் பாட்டுகளோடு 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' பாட்டையும் சேர்த்து, குறைந்த விலையில் ஒரு இ.பி. போடலாம் என்று 1969 மார்ச்சில் மாஸ்டர் வரை தயார் செய்தார்கள். ஆனால் அது கடைக்கு வரவேயில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. 'எ ஹார்டு டேஸ் நைட்', 'ஹெல்ப்!' இரண்டிலும் இங்கிலாந்துக்காரர்களுக்குப் பாட்டு மட்டும், அமெரிக்கர்களுக்குக் கலவை. அமெரிக்க வியாபாரத் தந்திரமாக இருந்த அந்தக் கலவை, இந்தத் தட்டில்தான் முதல்முறையாக இங்கிலாந்துக் கடைக்கும் வந்தது. இங்கிலாந்து ரசிகன் ஏமாந்ததாக நினைத்ததற்கு அது பெரிய காரணம். பீட்டில்ஸ் தட்டு என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு என்று பழகியவன் அவன்.

பாட்டுத் தட்டும் படத் தட்டும்

முப்பது வருஷம் கழித்துத் தீர்ப்பை மாற்றி எழுத ஒரு முயற்சி நடந்தது. படத்தைச் சுத்தப்படுத்தி மறுவெளியீடு செய்தபோது, 1999 செப்டம்பரில் 'யெல்லோ சப்மரீன் சாங்ட்ராக்' என்று புது ஆல்பம் வந்தது. படத்தில் வரும் 15 பாட்டுகள், மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலக்கப்பட்டவை. 'ஒன்லி எ நார்தர்ன் சாங்' அப்போதுதான் நிஜமான ஸ்டீரியோவில் வந்தது. 1969-ல் ரசிகர்கள் கேட்ட தட்டு இதுதான். அதில் மார்ட்டினின் இசை ஒரு விநாடிகூட இல்லை.

கேட்க இனிமையான ஆல்பம். ஆனால் அதைக் கேட்டு அந்தப் படத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியாது. பாட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, நல்ல தொகுப்பு போல வந்துகொண்டிருக்கும். கடல்கள் இல்லை, மீனிகள் இல்லை, ஒரு நாடு சாம்பல் நிறமாகும் பயம் இல்லை. படத்தில் கதையை நகர்த்தியது மார்ட்டினின் இசை. பாட்டு வரும்போது கதை நின்று வேடிக்கை பார்க்கும். நிரப்புச் சரக்கு என்று பெயர் வாங்கிய பக்கத்தில்தான் படம் இருந்தது.

கம்பெனியின் அதிகாரபூர்வ ஆல்பம் வரிசையும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறது. 1987-ல் குறுந்தகடுகள் வந்தபோதும், 2009-ல் மறுபடி மெருகேற்றியபோதும் பட்டியலில் நின்றது பழைய 1969 தட்டுதான், இரண்டாம் பக்கம் முழுசாக. ஒப்பந்தம் போட்ட கோடு அழியவில்லை. இன்று குறுந்தகட்டிலோ கைபேசியிலோ திருப்பிப் போடும் வேலையே இல்லாததால், ஆறாவது பாட்டு முடிந்ததும் பெப்பர்லேண்டு தானாகவே தொடங்கிவிடுகிறது. எழுந்து போய் நிறுத்தினால்தான் உண்டு.

ஒப்பந்தக் கதைக்கும் ஒரு வால் உண்டு. பீட்டில்ஸ் நடிக்காத படத்தை மூன்றாவது படமாக எண்ணியது தப்புக்கணக்கு. 1970-ல் 'லெட் இட் பீ' படமும் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மூலமாகவே வெளியானது. அதற்குள் குழு உடைந்துவிட்டது.

உடைந்த குழுவிலிருந்து ஒருவரும், மார்ட்டினும், அதே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸும் 1973-ல் மறுபடி ஒரு தட்டில் சந்தித்தார்கள். ஜேம்ஸ் பாண்ட் படம், 'லிவ் அண்ட் லெட் டை'. பாட்டு பால் மெக்கார்ட்னி, பின்னணி இசை ஜார்ஜ் மார்ட்டின். பாட்டின் முழுப் பதிவை மார்ட்டின் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினார். தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன் கேட்டு முடித்துவிட்டு, மாதிரிப் பதிவு பிரமாதம், இனி இதை யாரை வைத்துப் பாட வைக்கலாம் என்று விசாரித்தார். மார்ட்டின் அதற்கு என்ன பதில் சொன்னார், பாட்டும் வாத்தியமும் அந்தத் தட்டில் எப்படிக் கைகோத்தன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)